ஒரு புள்ளியியல் துறையின் ஆண்டு மடல்: கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

நான் படித்த புள்ளியியல் துறை வருடத்துக்கு ஒருமுறை செய்தி மடல் ஒன்று வெளியிடும். யாருக்கு என்ன விருது, யார் புதிதாகச் சேர்ந்தார்கள், யார் ஓய்வு பெற்றார்கள், யாருக்கெல்லாம் முனைவர் பட்டம், எத்தனை கட்டுரை, ஆலோசனை மையம் என்ன செய்தது, பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலானவர்கள் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று படங்களை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இந்த வருடத்து மடலை நான் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே முழுசாகப் படித்தேன். இந்த மாதிரி மடல்களுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை, ஆனால் எழுத வேண்டும். எந்தத் துறையில் சேரலாம் என்று யோசிக்கும் மாணவர், துறைக்கு நன்கொடை கொடுக்கலாமா என்று யோசிக்கும் பழைய மாணவர், ஏன், அதே வளாகத்தில் பக்கத்துக் கட்டடத்தில் சோதனைக்கூடம் வைத்திருக்கும் ஆய்வாளர், இவர்கள் எல்லோருக்கும் அந்தத் துறையின் ஒரு வருடத்தை ஒரே இடத்தில் காட்டுவது இதுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்க வேண்டிய மடல். முன்பாதி சுமார். பின்பாதி, குறிப்பாக ஆலோசனை மையத்தின் பக்கங்கள், ரொம்ப நன்றாக இருக்கின்றன. முன்பாதி ஏன் சுமார் என்றால், எண்களை எப்படிப் படிக்க வேண்டும், எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே துறை, தன்னைப் பற்றிய எண்களைக் கொடுக்கும்போது அந்தப் பாடத்தைக் கையில் எடுக்கவே இல்லை.

விருதுப் பக்கங்களில் தொடங்குகிறேன், ஏனென்றால் மடலும் அங்கேதான் தொடங்குகிறது. பெரிய பெரிய படங்கள், கையில் கேடயம், பின்னால் மேடை. படத்துக்குக் கீழே பெயர், விருதின் பெயர், கொடுத்த சங்கத்தின் பெயர். எதற்காகக் கொடுத்தார்கள் என்பதற்கு மட்டும் பல இடங்களில் 'சிறந்த பங்களிப்புக்காக' என்ற ஒரே தொடர்தான். எந்தப் பங்களிப்பு? அந்தப் பேராசிரியர் நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடு இருப்பார்கள் என்று கணிக்கும் முறைகளில் வேலை செய்கிறாரா, மக்கள்தொகை மாதிரிக் கணக்கெடுப்பிலா, மரபணுத் தரவிலா? இரண்டு வரி எழுதினால் போதும், சங்கத்தின் பாராட்டுரையிலேயே அது இருந்திருக்கும். அதை எடுத்துப் போடாமல் கேடயத்தின் படத்தைப் போட்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், புள்ளியியலில் ஒரு வேலையின் மதிப்பு தெரிய ஒரு வருடம் போதாது என்பது. சர்வதேசப் புள்ளியியல் பரிசை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து சங்கங்கள் சேர்ந்து கொடுப்பது. முதல் பரிசு 2017-ல் டேவிட் காக்ஸுக்கு, அவர் 1972-ல் வெளியிட்ட ஆபத்து வீத மாதிரிக்காக. இன்று ஒரு புதிய மருந்து நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த மாதிரியைத்தான் நம்பியிருக்கின்றன. அடுத்து 2019-ல் பிராட்லி எஃப்ரானுக்கு, 1979-ல் வந்த பூட்ஸ்ட்ராப் முறைக்காக, கையில் உள்ள தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து ஒரு கணிப்பு எவ்வளவு தடுமாறும் என்று பார்க்கும் முறை அது. 2023-ல் சி. ஆர். ராவுக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது 102, அடிப்படையாக இருந்த கட்டுரை 1945-ல் வந்தது. கிட்டத்தட்ட 78 வருடம்! அதே வருடம் ஆகஸ்டில் அவர் காலமானார். யோவ் பெஞ்சமினியும் யோசெஃப் ஹோக்பெர்க்கும் 1995-ல் வெளியிட்ட, தவறான கண்டுபிடிப்பு விகிதம் (கண்டுபிடித்ததாகச் சொல்பவற்றில் எத்தனை பங்கு பொய் என்பது) பற்றிய கட்டுரை முதலில் இதழ்களால் திருப்பி அனுப்பப்பட்டு அலைந்துதான் அச்சேறியது. இன்று ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே சமயத்தில் சோதிக்கும் எந்த ஆய்வும் அதைத் தொடாமல் நகராது. அந்த வேலைக்காக பெஞ்சமினிக்கும் உடன் உழைத்த டேனியல் யெகுட்டியேலிக்கும் ரூத் ஹெல்லருக்கும் புள்ளியியலுக்கான ரூசீவ் பரிசு கிடைத்தது 2024-ல்.

அந்தக் கட்டுரை திரும்பி வந்துகொண்டிருந்த வருடங்களில் அவர்கள் துறையில் இப்படி ஒரு மடல் வந்திருந்தால், அதில் அதைப் பற்றி ஒரு வரி இருந்திருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் ஒரு யோசனை சொல்ல விரும்புகிறேன். விருதுப் பக்கத்தோடு சேர்த்து ஒரு பத்தி, பத்து வருடத்துக்கு முன் இதே மடலில் வந்த செய்திகளில் எது நிலைத்தது, எது காணாமல் போனது என்று. அன்று பெரிய எழுத்தில் வந்த நிதிநல்கை என்ன ஆனது, அன்று ஒரு ஓரத்தில் வந்த மாணவரின் ஆய்வேடு இன்று எத்தனை பேருக்குப் பயன்படுகிறது? இதைத் துறை தைரியமாக எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

அப்புறம் அந்த வரைபடம். மாணவர் எண்ணிக்கை வளர்ச்சி என்று தலைப்புப் போட்டு, வருடத்துக்கு ஒரு பட்டையாக வரைந்திருக்கிறார்கள். கடைசிப் பட்டை முதல் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரம். பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் எண்களைப் படித்தால் உண்மையான வளர்ச்சி ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காரணம், செங்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்கவில்லை, நடுவில் எங்கோ தொடங்குகிறது. கோட்டுப் படமாக இருந்தால் அதைச் சில சமயம் ஏற்றுக்கொள்ளலாம், கோடு சரிவைத்தான் காட்டுகிறது. பட்டைப் படத்தில் கண் படிப்பது நீளத்தை. பட்டையின் அடியை வெட்டிவிட்டால் நீளம் பொய் சொல்லும். வில்லியம் பிளேஃபேர் 1786-ல் பட்டைப் படத்தை அச்சில் கொண்டுவந்த நாளிலிருந்து நீளம்தான் அதன் மொழி. முதல் வருட வகுப்பில் மாணவர் யாராவது இப்படி வரைந்து கொடுத்தால் மதிப்பெண் குறைப்பார்கள், குறைக்கவும் வேண்டும். வெளியே உள்ள ஒரு வடிவமைப்பாளர் வரைந்திருக்கலாம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அச்சுக்குப் போகும் முன் துறையில் யாரோ ஒருவர் பார்த்திருப்பார் இல்லையா?

கட்டுரைப் பட்டியல் நீளமாக இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு விஷயம் தவிர. துறையின் ஆள் முதல் ஆசிரியராகவோ கடைசி ஆசிரியராகவோ இருக்கும் கட்டுரைகள் முதலில், பெரிய எழுத்தில். மருத்துவ இதழிலோ வேளாண் இதழிலோ வந்து, துறையின் ஆள் நடுவில் ஏழாவது எட்டாவது பெயராக இருப்பவை எல்லாம் 'பிற' என்ற தலைப்பின் கீழே பொடி எழுத்தில். இது எனக்கு வருத்தமாக இருந்தது. புள்ளியியலாளரின் பெரும்பாலான நல்ல வேலை அந்த நடுப்பெயர்களில்தான் இருக்கிறது. சில சமயம் பெயரே இருக்காது. 1948-ல் வெளியான, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்கிறதா என்று பார்த்த புகழ்பெற்ற சோதனையில், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், சமவாய்ப்பு எண்களை வைத்து மூடிய உறைகளில் போட்டுவைத்து முடிவு செய்யும் முறையை வகுத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள், பெறாத 52 பேரில் 14 பேர். இன்றைய மருத்துவச் சோதனை முறைக்கே வழிகாட்டியான அந்தக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது ஒரு குழுவின் பெயர். இந்த மடலின் கணக்குப்படி பார்த்தால் அதுவும் 'பிற'வில்தான் போயிருக்கும்.

மாணவர் சேர்க்கை பற்றிய பக்கத்துக்கு வருகிறேன். விண்ணப்பித்தவர்களில் ஆண்கள் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்கள் எத்தனை சதவீதம் பேருக்கு என்று இரண்டு எண்கள். முதுநிலை, முனைவர் பட்டம், பகுதிநேரப் படிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து. இரண்டு எண்களும் நெருக்கமாக இருக்கின்றன, அதைச் சொல்லி மடல் பெருமைப்படுகிறது. உண்மையிலேயே நல்ல செய்தியாக இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது, இதைச் சொல்லிக்கொடுக்கும் மிகப் பிரபலமான உதாரணமே ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கணக்குதான்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973-ல் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேரில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 4,321 பேரில் 35 சதவீதம் பேருக்கு மட்டும். பார்த்தவுடன் பாரபட்சம் என்றுதான் யாரும் சொல்வார்கள். அங்கேயே புள்ளியியல் துறையில் இருந்த பீட்டர் பிக்கலும், யூஜின் ஹாம்மல், ஓ'கானல் என்ற இருவரும் சேர்ந்து துறை துறையாகப் பிரித்துப் பார்த்தார்கள். மிகப் பெரிய துறைகளில் ஒன்றில் ஆண்களுக்கு 62 சதவீதம், பெண்களுக்கு 82 சதவீதம். மற்ற பலவற்றில் பெரிய வித்தியாசமே இல்லை. மொத்தமாகச் சேர்த்துச் சரிசெய்து பார்த்தபோது சின்ன அளவில் பெண்களுக்குச் சாதகமாகவே இருந்தது. நடந்தது என்னவென்றால், பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது இடம் கிடைப்பதே கஷ்டமான துறைகளுக்கு. 1975-ல் அந்த ஆய்வு வெளியானது. ஆனால் அதோடு கேள்வி முடிந்துவிடவில்லை, பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள், இடம் அதிகமாக இருந்த துறைகளுக்குத் தேவையான கணிதம் அவர்களுக்குப் பள்ளியிலேயே மறுக்கப்பட்டதா என்பது இன்னும் பெரிய கேள்வி. மொத்தக் கணக்கு இப்படி ஏமாற்றுவது எதிர்த்திசையிலும் நடக்கும். மொத்தக் கணக்கு சமமாக இருந்து, உள்ளே முனைவர் பட்டப் படிப்பில் மட்டும் பெரிய இடைவெளி இருக்கலாம். படிப்புவாரியாக ஒரு சின்ன அட்டவணை போட்டிருந்தால் இந்தப் பத்தியை நான் எழுதியிருக்கவே வேண்டாம். தரவு துறையிடம்தான் இருக்கிறது.

பெயர் மாற்றம் பற்றியும் ஒரு பக்கம். துறையின் பெயரோடு 'தரவு அறிவியல்' சேர்ந்திருக்கிறது. கார்னகி மெல்லனிலும் யேலிலும் 2017-லேயே இதைச் செய்துவிட்டார்கள், அதனால் இதில் புதுமை ஒன்றுமில்லை, தப்பும் இல்லை. தரவை அலசுவது என்பது கணிதத் தேற்றங்களை நிரூபிப்பதைவிட அகலமான வேலை என்று அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1962-லேயே எழுதிவிட்டார். பலகை மாறியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர்கள், பாடத்திட்டத்தில் என்ன சேர்ந்தது, என்ன போனது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கலாம். மாதிரி எடுப்பு முறைகள் என்ற பாடம் கட்டாயப் பாடத்திலிருந்து விருப்பப் பாடமாக மாறிவிட்டது என்பது எனக்கு வேறு வழியில்தான் தெரிந்தது, அது நல்ல முடிவு இல்லை என்றே நினைக்கிறேன். கோடிக்கணக்கில் வரிசைகள் இருந்தாலும் அவை யாரிடமிருந்து வந்தன, யாரிடமிருந்து வரவில்லை என்று கேட்கத் தெரியாதவர் அந்தத் தரவை வைத்து என்ன செய்வார்?

சரி, இனி நல்ல பகுதி.

ஆலோசனை மையத்தின் அறிக்கை பின்பாதியில் இருக்கிறது. பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வளாகத்தில் எந்தத் துறையைச் சேர்ந்தவரும் தன் ஆய்வுத் தரவோடு வரலாம், மேற்படிப்பு மாணவர் ஒருவரும் ஒரு பேராசிரியரும் உட்கார்ந்து கேட்பார்கள், சொல்வார்கள். மாணவருக்கு இது பயிற்சி, வருபவருக்கு உதவி. புள்ளியியல் துறைகள் உருவான விதமே கிட்டத்தட்ட இப்படித்தான். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்னெடகோர் தலைமையில் வேளாண் ஆய்வாளர்களுக்கு உதவும் புள்ளியியல் ஆய்வுக்கூடம் 1933-லேயே வந்துவிட்டது, துறை என்று ஒன்று வந்தது 1947-ல். அந்த ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ஜெர்ட்ரூட் காக்ஸ்தான் பிறகு வட கரோலினாவில் புதிய துறையைக் கட்டி எழுப்பினார். முதலில் ஆலோசனை, அப்புறம்தான் துறை.

இந்த மடலில் மையத்துக்கு வந்த சில பிரச்சினைகளை, வந்தவர்களின் பெயரைச் சொல்லாமல், நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறார்கள். ஒன்று என்னை உட்கார வைத்துவிட்டது. செடிகளில் ஒரு புதிய உரத்தைச் சோதித்த ஆய்வாளர் ஒருவர் வருகிறார். நூற்றுக்கணக்கான வரிசைகள் கொண்ட அட்டவணை, ஒவ்வொரு வரிசையும் ஒரு இலையின் அளவு. உரம் போட்டவை, போடாதவை என்று இரண்டு பிரிவு. அவரே சோதனையைச் செய்து பார்த்துவிட்டார், பி-மதிப்பு, அதாவது உரத்தால் பலனே இல்லாவிட்டாலும் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாக வர உள்ள வாய்ப்பு, மிக மிகச் சிறியதாக வந்திருக்கிறது. எந்தச் சோதனையைக் கட்டுரையில் குறிப்பிட வேண்டும் என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் வந்தார். எதிரே இருந்த மாணவி சோதனையைப் பற்றிப் பேசவே இல்லை. உரத்தை எதில் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார். இலைக்குத் தனியாகவா, தொட்டிக்குத் தனியாகவா? ஆய்வாளர் படம் வரைந்து காட்டியிருக்கிறார்: இரண்டு பெரிய தட்டுகள், ஒவ்வொன்றிலும் வரிசையாகத் தொட்டிகள், உரம் தட்டில் இருந்த தண்ணீரில் கலக்கப்பட்டது. ஒரு தட்டு ஜன்னல் பக்கம், இன்னொன்று சுவர் பக்கம்.

அப்படியானால் இருப்பது நூற்றுக்கணக்கான தரவுப் புள்ளிகள் இல்லை, இரண்டே இரண்டு. ஒரு தட்டில் உரம், ஒரு தட்டில் இல்லை. இலைகள் பெரிதானது உரத்தாலா வெயிலாலா என்று எந்தச் சோதனையும் சொல்ல முடியாது. இதற்கு 'போலி மீள்நிகழ்வு' என்று தமிழில் சொல்லலாம். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல் சூழலியல் துறையின் 176 பரிசோதனை ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது, புள்ளியியல் சோதனை செய்திருந்தவற்றில் 48 சதவீதம் இதே பிழையோடு இருந்தன. அவ்வளவு பழைய பிழை, இன்னும் வாரா வாரம் யாராவது ஒருவர் மேசைக்குக் கொண்டுவருகிறார்.

மடல் இந்தக் கதையை அங்கே விட்டுவிடவில்லை, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த பருவத்துக்கு எப்படிச் செய்யலாம் என்று மாணவியும் ஆய்வாளரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள், அதன் படத்தையும் அச்சிட்டிருக்கிறார்கள். பெரிய தட்டுகளுக்குப் பதில் சின்னத் தட்டுகள் பல. ஜன்னலிலிருந்து உள்ள தூரத்தை வைத்து வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்குள்ளும் எந்தத் தட்டுக்கு உரம் என்பதைக் குலுக்கல் முறையில். அளக்க வேண்டிய இலைகளின் எண்ணிக்கை முன்பைவிடக் குறைவு! கஷ்டம் குறைந்து, விடை உறுதியாகிறது. ரொனால்ட் ஃபிஷர் 1938-ல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டின் தலைமையுரையில் சொன்னது இதைத்தான்: சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போன்றது, சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்வார். அந்த வாசகத்தை எல்லா வகுப்பிலும் சொல்கிறோம். இந்த இரண்டு பக்கங்களில் அது நடப்பதைப் பார்க்க முடிகிறது, அதுவும் வந்தவரை ஒரு இடத்திலும் மட்டம் தட்டாமல்.

இதே பகுதியில் இன்னொரு நல்ல விஷயம், வருபவர்களில் பெரும்பாலோர் எந்தக் கட்டத்தில் வருகிறார்கள் என்று மையம் பதிவு செய்து வைத்திருப்பது: தரவு சேகரிக்கும் முன்பா, பின்பா, கட்டுரை திரும்பி வந்த பின்பா. முன்பே வருபவர்களின் பங்கு மெதுவாகக் கூடுகிறது என்கிறார்கள். அதற்கான வரைபடத்தில் அச்சு பூச்சியத்தில் தொடங்குகிறது, ஒவ்வொரு வருடத்துக்கும் மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணும் அடியில் இருக்கிறது, ஒரு வருடம் பதிவேடு சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்பதால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். ஒரே மடலில் இரண்டு வரைபடங்கள், இரண்டு துறைகள் வரைந்தது போல. இந்த மையத்தை நடத்துபவர்களிடமே முழு மடலையும் கொடுத்துவிடலாம். என் ஒரே மனக்குறை, இவ்வளவு வேலைக்கும் பொறுப்பாக இருப்பவரின் பெயர் விருதுப் பக்கத்தில் இல்லை, இந்த அறிக்கையின் கடைசி வரியில் நன்றிப் பட்டியலில்தான் இருக்கிறது.

அதற்கு அடுத்தது மென்பொருள் பக்கம். துறையில் ஒருவர் பல வருடங்களுக்கு முன் எழுதிய ஆர் (புள்ளியியலுக்கான கணினி மொழி) தொகுப்பு ஒன்றை இப்போது இரண்டு மாணவர்கள் பராமரிக்கிறார்கள். புதிய வசதி எதுவும் சேர்க்கவில்லை. பழைய பிழைகளைத் திருத்தினார்கள், விளக்கக் குறிப்புகளைத் திரும்ப எழுதினார்கள், விடுபட்ட மதிப்புகள் இருந்தால் எச்சரிக்காமலேயே தப்பான விடை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கட்டளையைச் சரிசெய்தார்கள். இதைக் கட்டுரையாக எழுத முடியாது, இதற்கு விருதும் இல்லை, ஆனாலும் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆர் மொழியே ஒரு புள்ளியியல் துறையில் பிறந்ததுதான், ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில். ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990-களின் தொடக்கத்தில் மாணவர்களுக்கான கணினிக்கூடத்தில் பயன்படுத்த நல்ல மென்பொருள் வேண்டும் என்று தொடங்கினார்கள். 1995-ல் எல்லோரும் எடுத்துத் திருத்தும்படி இலவசமாக விட்டார்கள். 1.0.0 பதிப்பு வந்தது 2000, பிப்ரவரி 29-ல். இன்று உலகம் முழுக்க மருந்து ஆய்வாளரிலிருந்து தேர்தல் கணிப்பாளர் வரை பயன்படுத்தும் ஒரு கருவி, பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்டு, பிறகு யார் யாரோ பிழை திருத்தித் திருத்தி வளர்ந்தது. பிழை திருத்துவதை ஒரு சாதனையாக அச்சிடும் துறையில் படிக்க எனக்கு ஆசையாக இருக்கும்.

ஓய்வு பெறுபவர்களின் பக்கத்தில் பேராசிரியர்களுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு படத்தோடு, துறை அலுவலகத்தை நடத்திய அம்மாவுக்கும் அரைப் பக்கம். பழைய மாணவர்கள் எழுதிய வரிகளைத் தொகுத்திருக்கிறார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கடைசி நாளில் எந்தப் பேராசிரியர் எந்த அறையில் வகுப்பெடுக்கிறார் என்று தாளைப் பார்க்காமல் சொல்லி, ஓடிப்போய்க் கையெழுத்து வாங்க வைத்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படி ஓடியவன். ஒரு துறையில் ஒருவர் பட்டம் வாங்கி வெளியே போவதில் இவர்களுக்கு இருக்கும் பங்கை எந்த மடலும் இந்த அளவுக்குச் சொல்லி நான் பார்த்ததில்லை.

பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற பக்கம் மறுபடியும் முன்பாதியின் குணத்துக்குத் திரும்புகிறது. பெரிய நிறுவனங்களின் சின்னங்கள் வரிசையாக, நடுவே சிரிக்கும் முகங்கள். படித்து முடித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரின் விவரம் துறைக்குத் தெரியும், படிப்பை நடுவில் விட்டவர்கள் எத்தனை பேர், எதுவும் இல்லை. பதில் அனுப்பியவர்களை மட்டும் வைத்து வரைந்த படம் இது, நல்ல வேலை கிடைத்தவர்தான் பதில் அனுப்புவார் என்பதை நான் சொல்லித் துறை தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இரண்டாம் வருடத்தில் முதுநிலைப் பட்டத்தோடு வெளியேறியவர்களில் சிலர் இன்று மிக நல்ல வேலை செய்கிறார்கள், எனக்கே சிலரைத் தெரியும், அவர்களும் இந்தத் துறையின் மாணவர்கள்தான். சேரப்போகும் ஒருவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது பட்டம் வாங்க எத்தனை வருடம் ஆகிறது, எத்தனை பேர் முடிக்கிறார்கள், முடிக்காதவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதுதான். முடித்தவர்களின் சராசரியை மட்டும் எடுத்தால் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் கணக்கில் வராமல் போவார்கள். டேவிட் காக்ஸ் போன்றவர்கள் உயிர்வாழ்வுத் தரவுக்கு உருவாக்கிய முறைகள் இதே மாதிரி அரைகுறைத் தகவலைக் கையாளத்தான் இருக்கின்றன, மூன்றாம் பருவத்தில் நடத்துகிறார்கள்.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், சேரலாமா என்று யோசிப்பவர் ஆலோசனை மையப் பக்கங்களையும் மென்பொருள் பக்கத்தையும் படித்துவிட்டு, சேர்க்கை எண்களையும் வேலை எண்களையும் துறைக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். வேறு துறையில் ஆய்வு செய்பவராக இருந்தால் அந்த உரத் தட்டுக் கதையை மட்டுமாவது படியுங்கள், முடிந்தால் உங்கள் அடுத்த சோதனையைத் தொடங்கும் முன் படியுங்கள். பழைய மாணவர்கள் எப்படியும் முகங்களைத் தேடித்தான் படிப்பீர்கள், ஓய்வு பெறுபவர்களின் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

மடலின் கடைசிப் பக்கத்தில் உங்கள் செய்தியை அனுப்புங்கள் என்று ஒரு படிவம் இருக்கிறது. நான் நிரப்பி அனுப்பிவிட்டேன். கருத்துகள் என்ற பெட்டியில் கேட்டது இவ்வளவுதான்: அடுத்த வருடம் இந்தப் படிவம் எத்தனை பேருக்கு அனுப்பப்பட்டது, எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்ற இரண்டு எண்களையும் பழைய மாணவர் பக்கத்தின் மேலேயே அச்சிடுங்கள், சேர்க்கைக் கணக்கைப் படிப்புவாரியாகப் பிரித்துக் கொடுங்கள், அந்தப் பட்டைப் படத்தைப் பூச்சியத்திலிருந்து திரும்ப வரையுங்கள். வரைவதற்குத் தேவையான ஆர் நிரலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.